மங்கும் விளக்கும் மங்காத உரிமையும்

(வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் உழவர்களும் உத்தியோகத்தர்களும் திரண்டிருந்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் மேடையில் ஏறுகின்றவன் காணியைப் பற்றிப் பேசுவான், மொழியைப் பற்றிப் பேசுவான், ஆட்சியைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்தே நீங்கள் வந்திருக்கின்றீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு மின்குமிழ். சிரிக்கின்றீர்கள். சிரியுங்கள். ஆனால், மாலை ஆறரை மணிக்குப் பிள்ளை புத்தகத்தைத் திறக்கும் வேளையில், அயல் தோட்டத்தில் நீரிறைக்கும் மோட்டர் புறப்பட, வீட்டு விளக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கின்றதே, அப்போது நீங்கள் சிரிப்பதில்லை. வேலிக்கு அப்பால் இருப்பவனை ஏசுகின்றீர்கள். அந்த ஏச்சைப் பற்றியும், அது போய்ச் சேரவேண்டிய சரியான முகவரியைப் பற்றியுமே இன்று பேசப்போகின்றேன்.

விளக்கின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எனக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. என் பள்ளிப் பருவம் 1990களில், இந்தக் குடாநாட்டில், மின்சாரம் இன்றிக் கழிந்தது. மண்ணெண்ணெய் பொன்னுக்கு நிகராக விற்ற அந்நாட்களில், ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் எண்ணெயும் இட்டு, மெல்லிய திரி ஒன்றைக் கொளுத்தி, அதன் முன்னே நால்வர் குனிந்திருந்து படித்தோம். மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். 2009 இல் போர் ஓய்ந்த பின்னரே தேசிய மின்வலையமைப்பு மீண்டும் நம் மண்ணை வந்தடைந்தது. இத்தனை காலம் காத்திருந்து பெற்ற வெளிச்சம், இன்று நம்மவர்க்குள்ளேயே பகை மூட்டுகின்றது என்றால் அது சிறிய விஷயமா?

அறிவித்தல் கேட்டு வந்த ஆசிரியர்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு குளிர்சாதனப் பெட்டியின் திருத்தச் சிட்டை. கண்களில் கோபம். “தம்பி, பக்கத்துத் தோட்டக்காரனுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்ப வேணும். அவன் மோட்டர் போடுற ஒவ்வொரு முறையும் என்ரை வீட்டு லைற் மங்குது. பெட்டியும் எரிஞ்சு போச்சு. அவனுடைய பிள்ளைக்கு எழுத்தறிவிச்சவன் நான். ஆனால் இனி நீதிமன்றத்திலைதான் முகம் பார்ப்பம்” என்றார்.

மறுநாள் அந்த ஒழுங்கைக்குச் சென்றேன். தோட்டக்காரர் வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவரிடமும் ஒரு சிட்டை இருந்தது. மோட்டரின் கம்பிச்சுருள் அந்த ஓராண்டில் இரண்டு முறை எரிந்து, இரண்டு முறையும் புதிதாகச் சுற்றுவித்த செலவு அதில் எழுதப்பட்டிருந்தது. “ஐயா, வாத்தியார் வீட்டிலை எந்த நேரமும் ஏதோ பெரிய சாமான் ஓடுது. அதாலைதான் என்ரை மோட்டருக்குக் கரண்ட் காணாமல் எரியுது” என்றார் அவர்.

கேட்டீர்களா அன்பர்களே! வேலியின் இரு பக்கத்திலும் நட்டம். இரு பக்கத்திலும் கோபம். இருவரும் குற்றவாளியை வேலிக்கு மறுபக்கத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். வழக்குப் போட்டிருந்தால் எனக்குக் கட்டணம் கிடைத்திருக்கும். அவர்களுக்கு வெளிச்சம் கிடைத்திருக்காது.

விளக்கு ஏன் மங்குகின்றது?

நான் சட்டம் படித்தவன். மின்சாரம் படித்தவன் அல்லன். ஆதலின் அனுபவம் மிக்க மின்பொறியியலாளர் ஒருவரிடம் மாணவனாக அமர்ந்து கேட்டேன். அவர் கற்பித்ததை உங்கள் முன் வைக்கின்றேன்.

தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியை நீங்கள் ட்ரான்ஸ்போமர் என்று அழைக்கின்றீர்கள். உயர் அழுத்தத்தில் வரும் மின்னை அது 400 வோல்ற்றுக்கு இறக்கி, மூன்று அவத்தைகளாகப் பிரித்து, ஒரு நொதுமல் கம்பியோடு ஊருக்குள் அனுப்புகின்றது. ஓர் அவத்தைக்கும் நொதுமலுக்கும் இடையில் 230 வோல்ற்று. அதுவே சாதாரண வீட்டுக்குள் வருவது. ஒரு மின்மாற்றியின் கீழ் எத்தனையோ வீடுகள், தோட்டங்கள், தச்சுப்பட்டறைகள், ஒட்டு வேலைத்தலங்கள். ஊர்க்கிணற்றில் பலர் பட்டை போட்டால் நீர்மட்டம் சற்று இறங்கும் அல்லவா? அதுபோலவே இதுவும்.

இலங்கையில் வீட்டுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ற்றிலிருந்து நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது விதி. அதாவது ஏறக்குறைய 216 க்குக் கீழே போகலாகாது. 244 ஐத் தாண்டலாகாது. இந்த இரு எண்களையும் உங்கள் பிள்ளைகளின் பிறந்த திகதி போல நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மோட்டரைப் பாருங்கள். 2 குதிரைவலு உள்ள ஓரவத்தை மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய 10 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். ஆனால் நிற்கும் மாட்டை எழுப்புவது போல, அது புறப்படும் கணத்தில் ஐந்து மடங்கு, ஆறு மடங்கு எடுக்கின்றது. 50 அம்பியர் என்று வைத்துக்கொள்வோம். தோட்டம் மின்மாற்றியிலிருந்து 500 மீற்றர் தூரத்தில் உள்ளது. போவதற்கு ஒரு கம்பி, திரும்புவதற்கு ஒரு கம்பி. ஆக 1,000 மீற்றர். ஐம்பது சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியாயின் அந்த வழி முழுவதற்கும் தடை ஏறக்குறைய 0.6 ஓம். ஐம்பதை 0.6 ஆல் பெருக்குங்கள். 30 வோல்ற்று! வழியிலேயே போய்விட்டது. 230 என்று புறப்பட்டது 200 ஆகி வந்து சேர்கின்றது.

அப்படியானால் மின்மாற்றியில் இழக்கப்படுவது எவ்வளவு? 100 கிலோவோல்ற்றம்பியர் மின்மாற்றி ஓர் அவத்தையில் ஏறக்குறைய 144 அம்பியர் தரக்கூடியது. முழுச்சுமையிலும் அதற்குள் இழக்கப்படுவது நூற்றுக்கு நான்கு பங்கு அளவிலேயே இருக்கும். நமது 50 அம்பியருக்கு அது 3 வோல்ற்று மட்டுமே. பார்த்தீர்களா? மின்மாற்றியில் 3, கம்பியில் 30. ஆனால் நாமோ எதற்கெடுத்தாலும் “பெரிய ட்ரான்ஸ்போமர் தா” என்று கேட்கின்றோம். நோய் காலில் இருக்கத் தலைக்கு எண்ணெய் தேய்த்த கதை இது. தூரத்து வீடுகளுக்கு வேண்டியது தடித்த கம்பி. அல்லது, மின்மாற்றி சுமைக்கு அருகில் வந்து நிற்க வேண்டும்.

உழவனும் இழக்கின்றான்

மோட்டர் வைத்திருப்பவன் வாழ்கின்றான், விளக்கு வைத்திருப்பவன் வாடுகின்றான் என்று எண்ணாதீர்கள். மோட்டரின் முறுக்குவலு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் 230 இலிருந்து 186 ஆக இறங்கினால் முறுக்குவலு ஏறக்குறைய மூன்றில் இரு பங்காகிவிடும். ஆகவே மோட்டர் எழும்பத் தயங்குகின்றது. தயங்கும் ஒவ்வொரு விநாடியும் அந்தப் பெரிய மின்னோட்டம் சுருளுக்குள் பாய்ந்து அதைச் சூடாக்குகின்றது. விளக்கை மங்கச் செய்த அதே காரணமே மோட்டரை எரிக்கின்றது. ஆசிரியரின் சிட்டையும் தோட்டக்காரரின் சிட்டையும் ஒரே நோயின் இரண்டு சாட்சிகள்.

மங்குதலிலும் இருவகை உண்டு. நீரிறைக்கும் மோட்டரால் வருவது எப்போதோ ஒருமுறை நிகழும் வீழ்ச்சி. ஒட்டு வேலைத்தலமோ, வாள் இயந்திரமோ தருவது அடிக்கடி நிகழும் துடிப்பு. மனிதக் கண் துடிப்பைத் தாங்காது. ஒரு விநாடிக்கு எட்டு ஒன்பது தடவை ஒளி ஏறி இறங்கினால், அழுத்தம் நூற்றுக்கு அரைப் பங்கு கூட மாறத் தேவையில்லை. இழைக்குமிழின் ஒளியில் கண் அதைக் கண்டுகொள்ளும். ஆதலின் “எவ்வளவு மங்குகின்றது” என்பதோடு “எத்தனை தடவை மங்குகின்றது” என்பதையும் கணக்கெடுக்க வேண்டும்.

எங்கே நோய்? எப்படி அறிவது?

இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. அயலவரோடு பேச்சு இருந்தால் போதும். பகையால் நாம் முதலில் இழப்பதும் அந்தப் பேச்சைத்தான்.

உங்கள் வீட்டில் மட்டும் மங்குகின்றது, அடுத்த வீட்டில் இல்லை என்றால், நோய் உங்கள் வீட்டு இணைப்பில் அல்லது உள்வயரிங்கில் இருக்கின்றது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியின் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். கடற்காற்றின் உப்புப் படும் நமது ஊர்களில் அலுமினிய இணைப்புகள் பூத்துப்போவது வழக்கம். வீட்டுக்குள்ளிருக்கும் பிழையைத் தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு திருத்துங்கள்.

மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீடுகளில் மங்கவில்லை, ஒழுங்கையின் கடைசி வீடுகளிலே மங்குகின்றது என்றால், நோய் கம்பியின் நீளத்திலும் மெலிவிலும் உள்ளது.

ஒரே ஒழுங்கையில் சில வீடுகள் மங்க, மற்றவை மங்காதிருந்தால், ஓர் அவத்தையில் சுமை கூடிவிட்டது. மூவர் சுமக்க வேண்டிய பாரத்தை ஒருவன் தலையில் ஏற்றிய நிலை. வீடுகளை அவத்தை மாற்றிப் பகிர்ந்தால் பெருமளவு தீரும்.

மின்மாற்றியின் காலடியிலுள்ள வீடு உட்பட எல்லா வீடுகளிலும் ஒருங்கே மங்கினால் மட்டுமே மின்மாற்றியையோ அதற்கு மேலுள்ள உயர் அழுத்தக் கம்பியையோ சந்தேகிக்க வேண்டும்.

இன்னுமொன்று. இதைத் தாய்மார்கள் மிகக் கவனமாகக் கேட்க வேண்டும். சில விளக்குகள் மங்கும் அதே வேளையில் வேறு விளக்குகள், அல்லது அயல் வீட்டு விளக்குகள், வழமைக்கு மாறாகப் பளீரென்று எரிந்தால், அது வெறும் மங்குதல் அன்று. பெரும்பாலும் நொதுமல் கம்பி அறுந்துவிட்டது அல்லது அறுந்துகொண்டிருக்கின்றது. அப்போது ஒரு வீட்டில் 230 க்குப் பதிலாக 300 வோல்ற்றுக்கு மேலும் ஏறக்கூடும். உடனே பிரதான ஆளியை நிறுத்துங்கள். அயலவருக்குச் சத்தமிட்டுச் சொல்லுங்கள். மின் அலுவலகத்தின் அவசர சேவைக்கு அறிவியுங்கள். கம்பத்தில் ஏறவோ கம்பியைத் தொடவோ எவரையும் விடாதீர்கள். கோபத்தையும் வழக்கையும் பிறகு பார்க்கலாம், உயிர் முந்தியது.

கடையில் விற்கும் மருந்து

அழுத்தச் சீராக்கி என்ற பெட்டியொன்றை வாங்கி வைத்தால் எல்லாம் தீரும் என்று கடைக்காரர் சொல்வார். நெடுநேரம் தாழ்ந்திருக்கும் அழுத்தத்துக்கு அது ஓரளவு உதவும். கண நேர மங்குதலுக்கு உதவாது. அது விழித்தெழுந்து அழுத்தத்தை உயர்த்தும் வேளையில் மோட்டர் புறப்பட்டு முடிந்திருக்கும். கம்பியின் அழுத்தம் பழையபடி ஏறியிருக்கும். அக்கணத்தில் உங்கள் பெட்டிக்குக் கூடுதல் அழுத்தமே போய்ச் சேரும். மேலும், தாழ்ந்த அழுத்தத்தை உயர்த்துவதற்கு அது கம்பியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கின்றது. ஒழுங்கை முழுவதும் சீராக்கி வாங்கினால் ஒழுங்கை முழுவதும் இன்னும் மங்கும். ஒவ்வொருவனும் தனக்கென்று தேடும் பரிகாரம் எல்லோருக்கும் கேடாய் முடிவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உழவர் பெருமக்களே! உங்கள் கையில் உண்மையான மருந்து ஒன்று இருக்கின்றது. அதே 2 குதிரைவலு மோட்டரை மூவவத்தை மோட்டராக வைத்தால், அது ஒவ்வொரு கம்பியிலும் எடுப்பது ஏறக்குறைய மூன்றரை அம்பியர். புறப்படும்போது 20 அளவில். பாரம் மூன்று கம்பிகளுக்கும் சமமாகப் பகிரப்படுவதால் நொதுமல் வழியே திரும்பும் மின்னோட்டமும் இல்லை. முன்னே 30 வோல்ற்று இழந்த இடத்தில் இப்போது 6 வோல்ற்றே இழக்கப்படும். அயல் வீட்டுப் பிள்ளை அதை உணரவும் மாட்டாது. மூவவத்தை இணைப்புக்குச் செலவு உண்டு என்பதை அறிவேன். ஆனால் இரண்டு முறை சுருள் சுற்றிய செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பெரிய மோட்டராயின் மெதுவாகத் தொடக்கும் கருவி பொருத்தலாம். குழாயின் அடிவாய்ச் சவ்வைப் பழுதின்றி வைத்திருந்தால் நீர் இறங்கிவிடாது. மோட்டரை மீண்டும் மீண்டும் தொடக்க வேண்டியும் வராது. இது காசில்லாத மருந்து.

கூரையில் சூரியத் தகடு வைத்திருக்கும் உத்தியோகத்தர்களுக்கும் ஒரு சொல். நண்பகலில் பல கூரைகள் ஒரே மெலிந்த கம்பிக்கு மின்னை அனுப்பினால் அழுத்தம் ஏறுகின்றது. மேகம் கடக்க இறங்குகின்றது. உழவனின் மோட்டரைக் குறை சொல்லும் முன் நம் கூரையையும் அண்ணாந்து பார்ப்பது நியாயம்.

குறிப்புப் புத்தகம் என்னும் சாட்சி

சட்டத்தரணியாக என் அனுபவம் ஒன்றைச் சொல்கின்றேன். “அடிக்கடி மங்குகின்றது” என்ற முறைப்பாடு எந்த அலுவலகத்திலும் கோவைக்குள் தூங்கும். “12 ஆம் திகதி மாலை 6.42 க்கு 189 வோல்ற்று” என்ற முறைப்பாட்டைத் தூங்கவைப்பது கடினம்.

அந்த ஒழுங்கையில் அதையே செய்தோம். ஆசிரியரையும் தோட்டக்காரரையும் ஒரே திண்ணையில் அமர்த்தினேன். முதல் நாள் இருவரும் என்னோடு மட்டுமே பேசினார்கள். ஒருவருக்கொருவர் பேசவில்லை. மிகக் குறைந்த அளவைப் பதிந்து வைக்கும் மானி ஒன்றை இரவல் வாங்கி, தகுதி பெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு மூன்று இடங்களில் அளந்தோம். மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீட்டில், மோட்டர் புறப்படுமுன் 234, புறப்படும்போது 231. ஆசிரியர் வீட்டில் 221, பின் 189. தோட்டக்காரரின் கிணற்றடியில் 219, பின் 186. எண்களைப் பார்த்த தோட்டக்காரர் ஆசிரியரின் பக்கம் திரும்பி, “சேர், அப்ப உங்களைவிட எனக்கல்லோ குறைவாய் வருது” என்றார். அதுவே பல மாதங்களுக்குப் பின் அவர்களிடையே நிகழ்ந்த முதற் பேச்சு.

பின்னர் ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கினோம். ஆசிரியர் நாளும் நேரமும் அளவும் எழுதினார். தோட்டக்காரர் மோட்டர் போட்ட நேரத்தைத் தன் கையாலேயே எழுதினார். மூன்று கிழமை. தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே எழுதுகின்றவனை எந்த விசாரணை அதிகாரியும் நம்பாமல் இருக்க முடியாது.

விண்ணப்பமும் சட்டமும்

அந்தக் கொப்பியின் பிரதியோடு, ஒழுங்கையின் எல்லா வீட்டாரும் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றைப் பதிவுத் தபாலில் மின் அலுவலகத்துக்கு அனுப்பினோம். தமிழிலேயே எழுதினோம். இதில் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் செல்ல என்னால் இயலாது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அதனை எதிர்த்து நம் முன்னோர் வெயிலில் அமர்ந்தார்கள், அடிபட்டார்கள். 1987 இன் பதின்மூன்றாவது திருத்தமும் 1988 இன் பதினாறாவது திருத்தமும் அரசியலமைப்பில் தமிழுக்குத் தந்த இடம் அந்தப் போராட்டங்களின் பின் வந்தது. இன்று வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. பயன்படுத்தாத உரிமை பாவிக்காத கிணறு போன்றது, தூர்ந்துபோகும்.

விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லையா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கின்றது. அதன் கீழ் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் மின்மாற்றியின் கொள்ளளவு என்ன? அதன் கீழ் எத்தனை இணைப்புகள்? ஒவ்வோர் அவத்தையின் சுமையும் கடைசியாக எப்போது அளக்கப்பட்டது, அளவு என்ன? எங்கள் ஒழுங்கைக் கம்பியின் நீளமும் பருமனும் யாவை? அதனைப் புதுப்பிக்கும் திட்டம் உண்டா, எப்போது? தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே தகவலுக்கான உரிமை ஆணைக்குழு இருக்கின்றது. அளக்காத அலுவலகம், “அளக்கவில்லை” என்று எழுத்தில் தர வேண்டிவரும். அந்த ஒரு வரி நமக்குப் பெரிய சாட்சி.

அதன் பின்னரும் பரிகாரம் இல்லையேல், 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குக் கொப்பியையும் கடிதங்களையும் இணைத்து முறையிடுங்கள். 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மின்சாரச் சட்டம், அதன் பின்னர் மின்துறையை மறுசீரமைக்க 2024 இல் வந்த 36 ஆம் இலக்கச் சட்டம் என்று சட்டங்கள் மாறலாம். பட்டியலின் தலைப்பிலுள்ள நிறுவனத்தின் பெயரும் மாறலாம். மின்னை விற்கின்றவன் உரிய தரத்தில் விற்க வேண்டும் என்ற கடமை மாறாது. அரிசிக்கடையில் கொத்துக் குறைந்தால் கேட்கின்ற நாம், வோல்ற்றுக் குறைந்தால் கேட்க ஏன் தயங்க வேண்டும்?

அந்த ஒழுங்கையின் கதை முடிந்த விதத்தையும் உள்ளபடியே சொல்கின்றேன். முதல் விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. தகவல் கேட்ட பின்னர் ஊழியர்கள் வந்து அளந்தார்கள். ஓர் அவத்தையில் சுமை மிகுந்திருந்ததையும் ஒரு கம்பத்தில் இணைப்புப் பூத்திருந்ததையும் கண்டு, அவ்விரண்டையும் சில நாட்களில் திருத்தினார்கள். கம்பி மாற்றுவதற்கு மாதங்கள் சென்றன. அதுவும் ஒழுங்கையின் பாதித் தூரத்துக்கே நடந்தது. மீதிக்கு இன்றும் கடிதம் எழுதுகின்றோம். ஆசிரியரின் குளிர்சாதனப் பெட்டிக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. தோட்டக்காரர் மூவவத்தை மோட்டருக்குக் காசு சேர்க்கின்றார். அதுவரை, பிள்ளைகள் படிக்கும் ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை அவர் மோட்டர் போடுவதில்லை. எந்த நீதிமன்றமும் அந்தக் கட்டளையை இடவில்லை. அவராகவே சொன்னார்.

அன்பார்ந்த மக்களே! ஒரு மின்மாற்றியின் கீழ் வாழ்கின்றவர்கள் ஒரே கம்பியால் கட்டப்பட்டவர்கள். ஒருவன் இழுத்தால் மற்றவன் மங்குகின்றான். இதைப் பகையாகவும் எடுக்கலாம், உறவாகவும் எடுக்கலாம். நாம் வேலிக்கு இருபுறமும் நின்று ஏசிக்கொண்டிருக்கும் வரை, மெலிந்த கம்பிக்குப் பொறுப்பானவர்கள் நிம்மதியாக உறங்குவார்கள். ஒரு கொப்பியைச் சுற்றி நாம் கூடி அமர்ந்த அன்றே அவர்கள் எழுந்து வந்தார்கள்.

இன்று வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். அயல் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். “உங்கடை வீட்டிலையும் மங்குதோ?” என்று கேளுங்கள். மற்றவை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.